புத்தகங்களை வீட்டுக்கு அனுப்புங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி வட்டத்தில் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கும் மேல் பூட்டிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்தச் சமயத்தில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர் ஒன்றாம் வகுப்பையே முழுசாகப் பார்த்ததில்லை. அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை வாசிக்கக் கேட்டதுதான் என் அனுபவம். பி.எட். படித்தவள் இல்லை நான். ஆனால் ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளி பீரோவில் இருக்கும் கதைப்புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக விடுங்கள். அதற்குத் தலைமையாசிரியர்கள் பயப்படாமல் இருக்கும்படி எழுத்தில் ஒரு உத்தரவு போடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், நல்ல பள்ளி. என்னிடம் வரும் நான்காம் வகுப்புப் பெண்பிள்ளைக்குக் கொடுக்க நாலைந்து கதைப்புத்தகம் கிடைக்குமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தார். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. இரண்டு தட்டு நிறையப் புத்தகங்கள். மெல்லிய, வண்ணப் படம் போட்ட, பெரிய எழுத்துப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரையும் சிவப்பு மையில் எண்ணும். ஒன்றை விரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்து மெதுவாகப் பிரிந்தன. யாரும் திறக்காத புத்தகத்தின் ஓசை அது. எனக்கு நெஞ்சு அடைத்தது.

“இங்க உக்காந்து படிக்கட்டும்மா, நான் வேணாம்னு சொல்லல. வீட்டுக்குக் குடுத்து ஒண்ணு காணாமப் போச்சுன்னா, ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு.”

அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கிக் கொடுக்கிற மனிதர் அவர். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. விளக்கம் கேட்பார்களா மாட்டார்களா என்பது வேறு. பயம் இருக்கிற வரைக்கும் பீரோ பூட்டித்தான் இருக்கும்.

சரி, பாடப்புத்தகம் இருக்கிறதே, கதைப்புத்தகம் வீட்டுக்குப் போகாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல, ஒரு பிள்ளை தமிழ் வாசிக்கக் கற்றுக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

நமக்கு 247 எழுத்து. பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டினால், அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை “கெ... கா...” என்று நின்றுவிட்டாள். அவள் செய்தது தப்பே இல்லை. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். எழுதியிருக்கிற வரிசைப்படிதான் அவள் வாசித்தாள். முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் சேர்ந்து ‘ஒ’ என்ற ஒரே சத்தம் ஆகின்றன என்பது நமக்குப் பழகிப்போனதால் தெரிகிறது. அவளுக்கு அது நூறு தடவை கண்ணில் பட்டால்தான் பழகும். உகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கு, டு, து, பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. இதையும் விதி சொல்லிப் புரியவைக்க முடியாது. கண் பழக வேண்டும்.

அடுத்தது சத்தம். ‘பகல்’ என்ற சொல்லை ஒரு பையன் ‘பக்கல்’ என்றே வாசித்தான். கடல், பகல், பக்கம், தங்கம் நான்கிலும் இருப்பது ஒரே க-தான், ஆனால் நாக்கு வேறு வேறு மாதிரி சொல்கிறது. எங்கே எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு எது காட்டிக்கொடுக்கும்? அந்தச் சொல் ஏற்கெனவே காதுக்குத் தெரிந்திருந்தால், பாதி வாசிக்கும்போதே மீதி வாயில் வந்துவிடும். அந்தப் பையனும் ‘பக்கல்’ என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘இரவு’ என்பதைப் பார்த்ததும் தானே திரும்பிப் போய்ப் “பகல்!” என்று கத்தினான். யாரும் திருத்தவில்லை. கதைதான் திருத்தியது.

அப்புறம் பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவில் இருக்கிற தூரம். என்னிடம் வரும் ஒரு பிள்ளை ‘பறந்துகொண்டிருந்தது’ என்ற சொல்லை ஐந்து தடவை முட்டி மோதி வாசித்து முடித்தாள். “யாரு பறந்தது?” என்று கேட்டேன். “தெரியலக்கா” என்றாள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சேர்க்கிறதற்குள் முதல் சொல் மறந்துபோய்விட்டது. “பறந்துட்டு இருந்துச்சு” என்று நான் சொன்னதும், “ஓ, அதுவா!” என்று சிரித்தாள். தினமும் பேசுகிற சொல்தான். எழுத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

இந்த மூன்று சிக்கலுக்கும் எனக்குத் தெரிந்து மருந்து ஒன்றுதான். பிள்ளை நிறைய வாசிக்க வேண்டும். கடினமானதை அல்ல, தன்னால் முடிகிற, தனக்குப் பிடித்த, சின்னச் சின்ன வாக்கியம் உள்ள கதைகளை, ஒன்றையே பத்துத் தடவை என்றாலும். பாடப்புத்தகத்தில் அத்தனை பக்கம் இல்லை. அதில் இருப்பதும் இரண்டு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளையை நாம் வாசிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். விரலை வைத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற ஏசர் ஆய்வு 2022-இல் நடந்தது, அதன் அறிக்கை உங்கள் மேசையிலும் இருந்திருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் என்றது அது. கொரோனாவுக்கு முன்பு, 2018-இலும் 10.2 சதவீதம்தான். அதனால் பழியை முழுக்க நோயின்மேல் போட முடியாது. துறை சும்மா இருந்துவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துச் சொல்லித்தர வைத்தது. அது சரியான வழி என்று மனதாரச் சொல்கிறேன். வாசிப்பு இயக்கம் என்று ஒன்று தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் புத்தகங்கள் போட்டீர்கள். அந்தப் பெயர்களே எவ்வளவு அழகு! ஊஞ்சல், தேன்சிட்டு என்று பிள்ளைகளுக்கான இதழ்களும் வந்தன. இத்தனையையும் எழுதி, படம் வரைந்து, அச்சடித்துப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்துவிட்டீர்கள். அங்கிருந்து பிள்ளையின் பைக்குள் போகிற பத்தடி தூரம்தான் பாக்கி.

வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? படிக்காத பெற்றோர்கள், டிவி ஓடுகிற ஒரே அறை, அங்கே யார் புத்தகத்தைத் தொடப் போகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

‘கொக்கு’ வாசிக்கத் தடுமாறிய அந்தப் பிள்ளையின் அம்மா பூக்கட்டுபவர். காலையில் வயல் வேலை, சாயங்காலம் பூ. அவருக்கு எழுத்து தெரியாது. “நான் என்னத்தம்மா சொல்லிக் குடுக்குறது?” என்று கேட்டார். “நீங்க சொல்லிக் குடுக்க வேணாம். அவ வாசிப்பா, நீங்க பூக்கட்டிக்கிட்டே கேளுங்க. அது போதும்” என்றேன். எனக்குக் கிடைத்த மதிப்பூதியத்தில் நான் வாங்கிவைத்திருந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். ஒரு ஆட்டுக்குட்டி காணாமல் போய்த் திரும்பி வருகிற கதை.

நாலைந்து நாள் கழித்து அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் சாக்கு விரித்து, நடுவில் மல்லிகை அரும்பு குவியல். அம்மா வாழைநாரை ஈரப்படுத்தி இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாசித்தாள். குட்டி காணாமல் போன இடம் வந்ததும் அம்மாவின் கை நின்றது. “ஏம்மா, குட்டி காணாமப் போனா தாயாடு கத்துமே. அது கத்தலையா?” என்று கேட்டார். வீட்டில் ஆடு வளர்க்கிறவருக்கு வருகிற சந்தேகம். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. முந்தின பக்கத்துக்குத் திரும்பினாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினாள். “இதுல கத்துனதா போடலம்மா” என்றாள். அப்புறம் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆனா வாயத் தொறந்துருக்கு!” என்றாள்.

அன்று அவள் மூன்று பக்கத்தை இரண்டாம் முறையாக வாசித்தாள். வாசிக்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை. படித்ததைப் புரிந்துகொண்டாளா என்று சோதிக்கப் பத்துக் கேள்வி கொண்ட தாள் எதுவும் தேவைப்படவில்லை. எழுத்தறியாத ஒரு அம்மா, கதையில் உண்மையான அக்கறையோடு கேட்ட ஒரு கேள்வி அந்த வேலையைச் செய்தது. அப்புறம் அவர்கள் வீட்டு ஆயாவும் கேட்க ஆரம்பித்தார். ஆயாவுக்குப் பார்வை குறைவு என்பதால் படத்தையும் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அதே புத்தகம் மூன்று வாரம் அந்த வீட்டில் இருந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் அந்தப் பிள்ளை கொம்பையும் காலையும் பார்த்துத் தயங்குவது நின்றிருந்தது.

அன்றிலிருந்து ஊரில் எந்த அம்மா அப்பாவைப் பார்த்தாலும் இதையேதான் சொல்கிறேன். தப்பு வந்தால் உடனே திருத்தாதீர்கள், வாக்கியம் முடியட்டும். நின்றுபோனால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அப்புறமும் வரவில்லை என்றால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் தாண்டிப் போகச் சொல்லுங்கள். “அப்புறம் என்னாச்சு?” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கடகடவென்று வாசிக்கிறதே என்று மட்டும் சொல்லாதீர்கள். செல்போனைக் கால் மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். பெற்றோர் இதைச் செய்யத் தயாராக இருக்கிறார்கள். செய்ய வீட்டில் ஒரு புத்தகம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் வாங்கிய புத்தகங்களில் நான்கு தொலைந்துவிட்டன. சில கிழிந்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டினோம். ஒன்றின் ஓரத்தைத் தம்பிப் பாப்பா கடித்துவிட்டான். இதெல்லாம் நடக்கும். நடக்கும் என்பதை அரசு விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-ஐப் பாருங்கள். ஒரு ஆண்டில் எடுத்துக் கொடுக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவதை நியாயமான இழப்பாகக் கருதலாம் என்று அதில் இருக்கிறது. நேர்மைக்குறைவாலோ அலட்சியத்தாலோ தொலைந்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அது பெரியவர்கள் படிக்கும் நூலகங்களை மனதில் வைத்து எழுதியது. ஆறு வயதுப் பிள்ளைகள் கைக்குப் போகும் மெல்லிய படக்கதைகளுக்கு இன்னும் தாராளமான அளவு வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை அல்லவா?

நூலகத்தைப் பற்றி நமக்கு வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்த காலத்தை அவர் அந்த விதியை விளக்கும்போது எடுத்துச் சொல்கிறார். அதே 1931-இல் எங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சாலையும் விளக்கும் சரியாக இல்லாத நாளில், படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த ஊர்களுக்கு. பொது நூலகச் சட்டத்தை 1948-இல், சுதந்திர இந்தியாவில் முதலில் கொண்டுவந்ததும் இந்த மாகாணம்தான். அந்த மண்ணில் ஒரு பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டால் இல்லை என்று சொல்ல நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் உத்தரவில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக் கதைப்புத்தகங்களைத் தேய்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் வையுங்கள், சாக்பீஸ் மாதிரி. மேசை நாற்காலியோடு சேர்த்து இருப்புப் பதிவேட்டில் வைக்க வேண்டாம். தொலைந்ததையும் கிழிந்ததையும் வருடக் கடைசியில் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டு நீக்கிக்கொள்ளலாம், யாரிடமும் பணம் பிடிக்கக் கூடாது, பிள்ளையிடமும் சரி, ஆசிரியரிடமும் சரி என்று தெளிவாக எழுதுங்கள். பார்வைக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர்கள் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்குப் பதிலாக, எத்தனை வெளியே போயிருக்கிறது என்று கேட்கட்டும். பீரோ நிறைய இருந்தால் அதற்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும். யார் எதை எடுத்தார்கள் என்பதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதுவார்கள். தயவுசெய்து இதற்கென்று ஒரு செயலியைக் கொண்டுவந்து ஆசிரியர்கள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே பதிவேற்றம் செய்கிற வேலையில் அவர்களுக்குப் பாதிப் பொழுது போகிறது.

பள்ளியில் ஒரு இருபது நிமிடமும் கேட்கிறேன். அந்த நேரத்தில் பாடம் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிக்கட்டும். ஆசிரியர் ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளிடம் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இருபது பேர் இருக்கிற வகுப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையின் குரலும் ஆசிரியர் காதுக்குப் போகும். இப்போது நடப்பது என்ன? முன்வரிசையில் நன்றாக வாசிக்கிற பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் கூடவே கோரஸாகச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி மூன்று வருடம் ஒளிந்திருந்தான். உதட்டை அசைப்பதில் கெட்டிக்காரன். தனியாக வாசிக்கச் சொன்ன அன்று அழுதுவிட்டான். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்க ஆள் இருந்திருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும்.

கண் பார்வை, காது கேட்பது இரண்டையும் சோதிக்காமல் எந்தப் பிள்ளையையும் மக்கு என்று முடிவு கட்டாதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்தும் எழுத்துகள் குழம்புகிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும். அடித்து வரவைக்கிற விஷயம் இல்லை அது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. அதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்துவிட்டால், திறக்கிற அன்றைக்கே அந்தத் தலைமையாசிரியர் தைரியமாகப் பீரோவைத் திறப்பார். அவரிடம் பேசிவிட்டேன், “ஒரு வரி எழுத்துல வரட்டும்மா, நானே சாவிய எடுத்து மாட்டிடுறேன்” என்றார். மழையில் நனையாமல் புத்தகம் எடுத்துப் போகப் பிள்ளைகளுக்குப் பை வேண்டும். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இரண்டு தையல் மெஷின் இருக்கின்றன. பழைய அரிசிப் பையைப் பிரித்து, உள்ளே துணி வைத்துத் தைத்தால் நன்றாக வருகிறது. முதல் ஐந்து பை தைத்தாகிவிட்டது. அந்தப் பள்ளியில் படிக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் மே மாதக் கடைசிக்குள் தைத்துக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.